பின்னாலிருந்து படிப்பவள்

ஊரில் மற்ற டீச்சர்களெல்லாம் தப்பைத் திருத்திப் பிழைக்கிறார்கள். இவள் தப்பைச் செய்து பிழைக்கிறவள். அதுவும் ஆங்கிலத்தில்.

நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையத்தில் கேள்வி எழுதுவதுதான் அவள் வேலை. ‘கீழே உள்ள வாக்கியத்தில் பிழை எந்தப் பகுதியில் இருக்கிறது?’ என்று வருமே, அந்தக் கேள்வி. ஓர் ஆங்கில வாக்கியத்தை நான்கு துண்டாக வெட்டி, ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்து, ஏதாவது ஒரு துண்டில் ஒரு பிழையை ஒளித்து வைக்க வேண்டும். கடைசியில் ‘பிழை இல்லை’ என்று ஒரு வழியையும் திறந்து வைக்க வேண்டும். குழம்பிப்போன பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் போய் விழுவார்கள்.

இதென்ன பெரிய வேலை, தப்பாக எழுத யாருக்குத்தான் வராது என்று கேட்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரியாமல் எழுதுகிறவன் ஒரே வரியில் மூன்று தப்பு வைப்பான். அது கேள்விக்கு ஆகாது. ஒரே ஒரு தப்புதான் இருக்க வேண்டும், மற்ற இடமெல்லாம் யாரும் விரல் வைக்க முடியாதபடி இருக்க வேண்டும். ஆகவே முதலில் நல்ல வாக்கியம் ஒன்றை எழுதுவாள். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஓரிடத்தில் உடைப்பாள். ஹேஸ் இருந்த இடத்தில் ஹேவ் வரும். இன் இருந்த இடத்தில் ஆன் வரும். பிள்ளைகள் அவளுக்குத் தப்பு டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் தடவை காதில் விழுந்தபோது சுருக்கென்றுதான் இருந்தது. போகப்போக, தொலைபேசியில் யாராவது கேட்டால் அவளே அப்படிச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது.

நிலையம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சார் உட்கார்ந்திருப்பார்; நிலையத்தை நடத்துகிறவர் அவர்தான். இந்தப் பக்கம் நகல் எடுக்கும் இயந்திரம், தண்ணீர் கேன், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு மேசைகள். சாருக்கு ஒரே ஒரு கண்டிப்பு: வாக்கியம் புதிதாக இருக்க வேண்டும். புத்தகத்திலிருந்தோ செய்தித்தாளிலிருந்தோ எடுத்தால் பையன்கள் போனில் தட்டி விடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

“உங்க வாழ்க்கையில இல்லாத வாக்கியமா? சுத்தி முத்திப் பாருங்க, எழுதுங்க,” என்பார்.

அவளும் எதிர் மேசைக்காரியும் பார்த்தார்கள், எழுதினார்கள். நிற்காமல் போன பேருந்து, ஒழுகுகிற குழாய், லிஃப்டில் மாட்டிக்கொண்ட மேலாளர் எல்லாம் வாக்கியமாகிவிட்டன. அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அந்த நிலையத்துக் கேள்வித்தாள்களில் வராத மாதம் இல்லை. எழுவாயாக வந்த ஒரு தடவைகூட அவர் பயனிலையோடு ஒத்துப்போனதில்லை. நிஜத்தில் அவர் யாரோடுதான் ஒத்துப்போனார் என்பது வேறு விஷயம்.

எதிர் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவள் அவளைவிடக் கொஞ்சம் சின்னவள். பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சு விடுவாளே தவிர நிறுத்த மாட்டாள் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கமா. கமாவுக்கு இவள் அக்கா. இவள் மகளுக்குக் கமா சித்தி. சொந்தச் சித்தி யாரும் இல்லாத பிள்ளைக்குக் கமா உண்மையிலேயே சித்தியாகத்தான் இருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இவளுக்கு முன்னால் அவள் லீவு போட்டுவிடுவாள்.

ஒருத்தி எழுதியதை மற்றவள் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். சரிபார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. வாக்கியத்தை முன்னாலிருந்து படித்தால் மனசு கதைக்குள் போய்விடும், கண் பிழையைத் தாண்டி ஓடிவிடும். அதனால் கடைசிக் கேள்வியில் ஆரம்பித்து மேலே ஏறி வர வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் டி, சி, பி, ஏ என்று பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். அப்படிப் படித்தால் யார் என்ன செய்தார்கள் என்பது மண்டையில் ஏறவே ஏறாது. சொற்கள் மட்டும் வரிசையாக வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். தப்பானது தானாக மாட்டும். தாளில் எல்லாம் சரி என்றால் மூலையில் பச்சை மையில் ஒரு டிக். இவள் போடும் டிக்குக்கு வால் கொஞ்சம் நீளம்.

வருஷக்கணக்கில் அப்படிப் படித்துப் படித்துக் கண் அதற்கே பழகிப்போனது. மருந்துச் சீட்டையும் பின்னாலிருந்துதான் படித்தாள். மகள் பள்ளியில் எழுதிப் பரிசு வாங்கிய கட்டுரையைக் கொண்டு வந்து நீட்டியபோது, வாங்கிப் பார்த்து, “மூணாவது பாராவுல ஒரு ‘தி’ விட்டுப்போச்சு,” என்றாள்.

“எதைப் பத்தி எழுதியிருக்கேன்னு பாத்தியாம்மா?”

பார்க்கவில்லை. மகள் சிரித்துக்கொண்டே கமாவிடம் போய்ச் சொன்னாள்: “சித்தி, வீட்டை விட்டு ஓடிப்போறேன்னு எழுதி வெச்சாக்கூட இவங்க ஸ்பெல்லிங்கைத் திருத்தி வெச்சிட்டுப் படுத்துடுவாங்க.” மூன்று பேரும் சிரித்தார்கள்.

இனி அவள் கணவனுடைய கதைக்கு வர வேண்டும். வராமல் இருந்தால் நல்லது. ஆனால் வராமல் முடியாது.

கப்பலில் வேலை என்று கிளம்பிப் போனவன் அவன். மகள் அப்போது சிறுமி. முதலில் வாரம் தவறாமல் பேசினான், பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. கடைசியாக ஒரு நாள் கூப்பிட்டு, தான் இப்போது கப்பலில் இல்லை என்றும், வேறொரு ஊரில் வேறொரு வீட்டில் இருப்பதாகவும் அங்கே ஒரு குழந்தை இருப்பதாகவும், பால்காரனுக்கு முகவரி மாறியதைச் சொல்வதுபோலச் சொன்னான். அதற்கப்புறம் அந்த எண் வேலை செய்யவில்லை.

அன்றைக்கு அழுவதற்குக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மகள் பள்ளியிலிருந்து வந்து, பையைக் கழற்றாமலேயே, “அப்பா பேசினாரா? என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். “நல்லாப் படிக்கச் சொன்னாரு,” என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை விழுங்க முடியவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். யாராவது நடுவில் கூப்பிட்டு மணியடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று போனை அணைத்துவிடுவாள். அணைத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, “சாப்பிட்டீங்களா? அங்க குளிரா?” என்று பேசுவாள். மறுமுனையில் ஆள் பேசுவதற்காக நடுவில் நிறுத்தி, “ம்,” என்பாள். மகள் ஓடி வந்தால், “இப்பத்தான் லைன் கட்டாச்சு. கப்பல்ல சிக்னல் அவ்வளவுதான்,” என்பாள். “அப்பா என்ன சொன்னாரு?” என்று மகள் கேட்பாள். அதற்கு ஒரு பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பாள். பிறந்தநாளுக்குக் கைக்கடிகாரம் வாங்கி, அப்பா ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பியது என்றாள். தன்னால் ‘கூடாது’ என்று சொல்ல முடியாததையெல்லாம் அவன் வாயில் வைத்துச் சொன்னாள். நீச்சல் குழுவோடு வெளியூர் போகக் கூடாது. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அதோடு சரி.

பிள்ளை இதையெல்லாம் எப்படி நம்பினாள் என்று கேட்கலாம். சின்ன வயதில் நம்பியதை வளர்ந்த பிறகு யார் எடுத்து வைத்துச் சரிபார்க்கிறார்கள்?

இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் கமா. நகல் இயந்திரம் பழுதாகி, சாரும் வெளியே போயிருந்த ஒரு மதியம் இவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அணைத்த போன் வரைக்கும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த கமா இவளைவிட அதிகமாக அழுதாள். “இந்தக் காதுல வாங்கினது இந்தக் காதுக்குக்கூடத் தெரியாதுக்கா,” என்று இரண்டு காதையும் தொட்டுக் காட்டினாள். இவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. அதில் பாதியைத் தூக்கிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறாள் என்ற நிம்மதியில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மகள் பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்தபோது, பணியாளர் வீட்டுப் பிள்ளைதானே என்று சார் அவளையும் நிலையத்தில் சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமை காலையில் தேர்வு நடக்கும். முடிந்ததும் கூடத்திலேயே வைத்து ஆங்கில மாஸ்டர் கேள்வித்தாளை உரக்கப் படிப்பார். பிள்ளைகள் விடையைக் கூவுவார்கள். சந்தைக் கூச்சல் தோற்றுவிடும்.

அந்தச் சனிக்கிழமை, அடுத்த தேர்வுக்கான தாள்கட்டைக் கொண்டுபோய் வைப்பதற்காக இவள் கூடத்துக்குள் நுழைந்தாள். மாஸ்டர் மைக்கைப் பிடித்து ஒரு வாக்கியத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கணவன் கப்பலில் இருப்பதாக அந்தப் பெண் எல்லோரிடமும் சொல்லி வந்தாள் என்பது வாக்கியம். “டி!” என்று கூடம் கூவியது. சரிதான், டிதான் என்று கட்டை இறக்கிக்கொண்டே இவளும் நினைத்தாள். மாஸ்டர் அடுத்ததைப் படித்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் அணைத்து வைத்த போனில் கணவனோடு பேசுவதுபோல நடிக்கிறாள் என்பது அது.

“பி!”

“ஏன்?”

“ஷி வந்தா வெர்புல எஸ் வரணும் சார்!”

எஸ் விட்டுப்போனது அவளுக்கும் முதலில் காதில் விழுந்தது. சுத்தமான கேள்வி, நல்ல இடத்தில் உடைத்திருக்கிறாள் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அவளுக்குக் காதும் கண்ணைப்போலவே ஆகிவிட்டிருந்தது.

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “சார், ஆஃப் பண்ணின போன்லயா பேசுது அந்தம்மா? மென்டலா சார்?”

கூடம் கொல்லென்று சிரித்தது. மாஸ்டரும் சிரித்துவிட்டார். “மென்டலோ என்னவோ, எஸ் போட்டாகணும்.”

அந்தச் சிரிப்பில்தான் வாக்கியத்தின் அர்த்தம் அவளுக்கு எட்டியது. கண் தானாக மகளைத் தேடியது. ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த மகள் மெதுவாகத் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தாள். அம்மா அங்கே நிற்பாள் என்று எப்படித்தான் தெரிந்ததோ, நேராக அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, எங்கே என்று கேட்ட மாஸ்டருக்குப் பதில் சொல்லாமல், அம்மாவை உரசாமல் ஒதுங்கி வெளியே போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஆனால் கால் அவளை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மேசையில் கமா பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

“போன் வாக்கியம் நீ எழுதினதா?”

“ஏன்க்கா?”

“நீ எழுதினதான்னு கேட்டேன்.”

“ஆமாக்கா. நீங்கதானே பாத்தீங்க?”

“நான் எங்கடி பாத்தேன்?”

கமா கேள்வித்தாள் ஃபைலை எடுத்துப் பிரித்து நீட்டினாள். அந்த இரண்டு வாக்கியமும் இருந்த தாளின் மூலையில் பச்சை டிக் இருந்தது. வால் நீளமாக இருந்தது. இவள் போட்டதேதான்.

“சார் அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கேள்வி செட் வேணும்னு கழுத்துல கத்தி வெச்ச மாதிரி நின்னாரு, எனக்கு எதுவும் ஓடலைக்கா, உங்க நினைப்புதான் ஓடிக்கிட்டே இருந்துச்சு, கை எழுதிடுச்சு, எழுதினதும் பயமாப் போச்சு, உங்ககிட்ட கேக்க வாய் வரலை, சரி, அக்காகிட்டதானே போகப்போகுது, வேண்டாம்னா அடிச்சுடுவாங்கன்னு வெச்சேன், நீங்க டிக் போட்டுக் குடுத்துட்டீங்க, எவ்வளவு பெரிய மனசுன்னு பாத்ரூம்ல போய் நின்னு அழுதேன்க்கா, சத்தியமா அழுதேன்,”

அழுதிருப்பாள். அதுதான் கொடுமை. வேண்டுமென்றே செய்தவளாக இருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

“கேக்க வாய் வரலை. எழுத மட்டும் கை வந்துச்சாடி?”

கமா டீயைத் தள்ளி வைத்தாள். “இத்தனை வருஷத்துல நம்ம வாக்கியத்தை யாராவது அர்த்தத்துக்காகப் படிச்சிருக்காங்களாக்கா? நீங்களே படிக்கலையே,” என்றாள்.

“எம்பொண்ணு படிச்சிட்டா.”

கமா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளை அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பாள் என்பது எழுதும்போது சித்திக்கு நினைவுக்கு வரவில்லையாம். காய்ச்சலுக்கு லீவு போட்ட சித்திக்கு. நம்பிக் கொடுத்த துக்கத்தை அவள் நான்கு துண்டாக வெட்டிப் பரீட்சையில் வைத்துவிட்டாள். தன் கண்ணோ அதற்கு டிக் போட்டுக் கொடுத்திருக்கிறது. எதை நினைத்து அதிகமாக எரிவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் மேசையைப் பிடித்து இழுத்தாள். தரையில் கீச்சென்று சத்தம் வந்தது. சார் கண்ணாடிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டு மேசைகளுக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போகும் அளவுக்கு இடம் விட்டு நிறுத்திவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் மகள் சாப்பாட்டு மேசையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையின் நடுவில் வைத்திருந்தாள்.

“சாப்பிட்டியா?”

“அப்பா எங்கம்மா?”

இந்தத் தடவை முன்கூட்டியே யோசித்து வைத்த பதில் எதுவும் இல்லை. இருந்ததைச் சொன்னாள். வேறு ஊர், வேறு வீடு, ஒரு குழந்தை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் கூடத்தில் விடை சொல்பவளுடையதுபோல் இருந்தது. மகள் அழவில்லை. கடிகாரத்தை விரலால் கொஞ்சம் தள்ளினாள்.

“இது?”

“நான் வாங்கினது.”

“நீச்சல் குழுவுக்குப் போக வேண்டாம்னு சொன்னது?”

“நான்தான்.”

“நீயே சொல்லியிருக்கலாமே.”

“உன்னைத் தனியா அனுப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. நான் சொன்னா நீ கேக்க மாட்டே, சண்டை போடுவே.”

“அன்னிக்கு நான் அப்பாகூட இனிமே பேசவே மாட்டேன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நான் அப்படிச் சொன்னதாலதான் அவர் எங்கிட்ட பேசறதே இல்லைன்னு நினைச்சேன்மா. எத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன் தெரியுமா? ஸாரி சொல்லிடும்மான்னு உங்கிட்ட சொல்லி அனுப்பினேன். நீ போனை எடுத்துக்கிட்டுப் பின்னால போன. திரும்பி வந்து, அப்பா மன்னிச்சுட்டாராம்னு சொன்ன.”

அவளுக்கு அது ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு, பிரச்சினை எவ்வளவு சுளுவாகத் தீர்ந்துவிட்டது என்று தன்னையே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருந்தது.

“சித்திக்கு எல்லாம் தெரியும். இல்ல?”

“தெரியும்.”

“எனக்குச் சொல்லணும்னு தோணலை.”

“உன்னைக் காப்பாத்தணும்னுதான்...”

“காலையில அந்த வாக்கியத்துக்கு எல்லாரும் சிரிச்சாங்கல்ல?” மகள் நிமிர்ந்து பார்த்தாள். “நானும் சிரிச்சேன்மா. யாரோன்னு நினைச்சு நானும்தான் சிரிச்சேன்.”

கடிகாரம் மேசையிலேயே கிடந்தது. சாயங்காலம் போன் பலமுறை அடித்தது. எல்லாம் கமா. இவள் எடுக்கவில்லை. கடைசியில் அணைத்து வைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேலையெல்லாம் முடிந்ததும், பழக்கம் விடுமா, போனை எடுத்துக்கொண்டு பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் எதற்கு வந்தோம் என்பது உறைத்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு, கொடியில் காய்கிற மகளின் பள்ளிச் சட்டையைப் பார்த்தபடி இருந்தாள்.

பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

“அப்பா என்ன சொன்னாரு?” என்று மகள் கேட்டாள்.

அதே கேள்வி. குரலில் கிண்டல் இருந்ததா, கோபம் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷமும் அவள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறாள், ஒரு தடவைகூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

“ஒண்ணும் சொல்லலை,” என்றாள். போனைப் படியில் வைத்துவிட்டு, “நான் சொல்றேன். உட்காரு,” என்றாள்.

இவள் படியில் நகர்ந்து இடம் விட்டாள்.

“நீ சொன்னா அது நிஜமாவே நீ சொன்னதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டுவிட்டு மகள் உள்ளே போனாள். கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டாள்.